கூரை ஏறிப் பார்த்தீர்களா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய மோட்டார்ஹோம் வாங்கக் கிளம்பியிருக்கும் வாசகர்கள் ஒரு கட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். எஞ்சினைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் தலைக்கு மேலே பார்த்திருக்கிறார்கள். புத்திசாலிகள்!

ஊர்சுற்றி, பிளேனோ, டெக்சஸ்
ரப்பர், டிபிஓ, ஃபைபர்கிளாஸ், அலுமினியம் என்று நாலு விதக் கூரை சொல்கிறார்கள். நாலில் எது ராஜா, சார்?

ஒழுகாதது ராஜா.

நழுவுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரே வயது, ஒரே பராமரிப்பு என்றால் என் ஓட்டு ஃபைபர்கிளாஸுக்கு. சின்னக் கிளை உரசினால் கிழியாது; மெழுகு போட்டால் வெயிலையும் தாங்கும். ஆனால் பழைய வண்டிச் சந்தையில் ஒரே வயதும் ஒரே பராமரிப்புமாக இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதே இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட 15 வயது ரப்பர் கூரை, யாரும் ஏறெடுத்தும் பார்க்காத 8 வயது ஃபைபர்கிளாஸை அடித்துத் தள்ளிவிடும்.

காரணம் எளிது. கூரைமேல் போர்த்திய விரிப்பு தானாக ஒழுகுவது அபூர்வம். விரிப்பில் மனிதன் போட்ட ஓட்டைதான் ஒழுகும். ஏசிக்கு ஒன்று, காற்றுப்போக்கிக்கு ஒன்று, குளியலறை ஸ்கைலைட்டுக்கு ஒன்று, கழிவுக் குழாயின் வென்ட்டுக்கு ஒன்று, ஆன்டெனாவுக்கு ஒன்று. பிறகு சோலார் தகடு வைத்த மகராசன் இறக்கிய ஸ்க்ரூக்கள். விற்பவர் கூரையின் பெயரைச் சொல்லும்போது நீங்கள் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருங்கள்.

துப்பறிவாளன், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
இபிடிஎம் ரப்பரும் டிபிஓவும் இரண்டுமே வெள்ளை. எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விற்பவருக்கே தெரியவில்லை.

முதலில் ஜாதகம். இபிடிஎம் என்பது எத்திலீன், புரொப்பிலீன், டையீன் சேர்ந்த செயற்கை ரப்பர். வல்கனைஸ் செய்தது, மறுபடி உருகாது. டிபிஓ பிளாஸ்டிக் ஜாதி, சூடு காட்டினால் இளகும். கட்டடக் கூரைகளில் டிபிஓ இணைப்புகளைச் சூடான காற்றாலேயே பற்றவைப்பார்கள். இபிடிஎம்மிடம் அந்த வித்தை பலிக்காது. பசையோ டேப்போ வேண்டும்.

இனி துப்பு. வண்டிக்குள் சீலிங்கில் காற்றுப்போக்கியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருக்கும். அனுமதி கேட்டுக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்த ஓட்டை 14 அங்குலச் சதுரம். டார்ச் அடித்தால் கூரையின் வெட்டுமுகம் தெரியும்: சீலிங் பலகை, இன்சுலேஷன், மேல் பலகை, எல்லாவற்றுக்கும் மேலே விரிப்பு. விரிப்பின் அடிப்பக்கம் கறுப்பு என்றால் இபிடிஎம். கறுப்பில்லாவிட்டால் பெரும்பாலும் டிபிஓ. மேலே ஏறி ஈரத்துணியால் துடைத்தால் வெள்ளைப் பொடி வருகிறதா? அதுவும் இபிடிஎம்மின் கைரேகைதான்.

அந்த மேல் பலகையின் விளிம்பு கறுத்தோ உதிர்ந்தோ இருந்தால், விரிப்பின் பெயரைக் கண்டுபிடிக்கும் வேலை மிச்சம். சட்டத்தைத் திரும்ப மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

வெள்ளைச் சட்டை, எடிசன், நியூஜெர்சி
வண்டியின் பக்கவாட்டில் வெள்ளைக் கோடுகள் வழிந்திருக்கின்றன. பறவைகள் வேலையா?

கூரையின் வேலை. இபிடிஎம்மின் மேற்பரப்பு வெயிலில் மெல்ல மெல்லப் பொடியாகும். மழை அதை இழுத்துக்கொண்டு இறங்கும். அது நோயல்ல, சுபாவம். ஆனால் மேலே வெள்ளை தேய்ந்து கறுப்பு தலைகாட்டினால் கூரைக்கு வயதாகிவிட்டது. மனிதருக்கு நரைக்கும், இதற்குக் கறுக்கும்.

அப்பாவி, ஹூஸ்டன்
"எங்கள் வண்டி ஒரு நாளும் ஒழுகியதில்லை" என்று விற்பவர் சத்தியம் செய்கிறார். நம்பலாமா, அங்கிள்?

"கடைசியாக எப்போது மேலே ஏறினீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூரை மூட்டுகளைப் பார்க்கச் சொல்லிப் பல நிறுவனங்களின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. ஏறியவர் தேதி சொல்வார். ஏறாதவர் சத்தியம் செய்வார்.

ஏணிப்படி, அட்லான்டா
மேலே ஏற விடமாட்டேன் என்கிறார். "கூரை உங்கள் எடையைத் தாங்காது" என்கிறார்.

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். கூரை ஏறிப் பார்க்காமல் வண்டி வாங்கி யெல்லோஸ்டோன் போக முடியாது.

நடக்கும் அளவுக்குப் பலமில்லாத கூரைகள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பின்னால் நிறுவனமே பொருத்திய ஏணி இருந்தால் ஏறலாம் என்பது பொதுவான அடையாளம். ஏணி இல்லையா? சொந்த ஏணி கொண்டுபோய் நாலு பக்கமும் சாய்த்து, ஓரத்திலிருந்து பாருங்கள், கை எட்டும் இடமெல்லாம் அழுத்துங்கள். ஏறினால் முட்டிபோட்டு நகருங்கள். ஒரு துண்டுப் பிளைவுட் மேல் நகர்ந்தால் உங்களுக்கும் நல்லது, கூரைக்கும் நல்லது. ஏசியைச் சுற்றி, வென்ட்டுகளைச் சுற்றி, முன்பக்க மூடி கூரையோடு சேரும் கோட்டில் உள்ளங்கையை ஊன்றி அழுத்துங்கள். சொதசொதவென்று அமிழ்ந்தால் கீழே பலகை இற்றுவிட்டது.

ஏணியையும் சாய்க்க விடமாட்டேன் என்றால்? பார்க்கக்கூடாத ஒன்று மேலே இருக்கிறது.

மல்லிகை, சார்லட்
கதவைத் திறந்ததும் எலுமிச்சை வாசனை கமகம என்று வந்தது. மனசுக்கு இதமாக இருந்தது, சார்.

விற்பவருக்கு அதைவிட இதமாக இருந்திருக்கும். எலுமிச்சைக்குப் பின்னால் பூஞ்சை ஒளிந்திருக்கலாம். சன்னல்களைச் சாத்தி, அந்த வாசனை வில்லையை வெளியே வைத்துவிட்டு, அரை மணி கழித்து உள்ளே போங்கள். மேல் அலமாரிகளைத் திறந்து, மூலையில் மூக்கை வைத்து இழுங்கள். மூக்கைவிட மலிவான கருவி சந்தையில் கிடையாது.

குழப்பம், சிகாகோ
கறை படுக்கைக்கு மேலே இருக்கிறது. அதற்கு நேர் மேலே கூரையில் ஓட்டையே இல்லை. எப்படி?

தண்ணீர் நேராக விழ வேண்டும் என்று யார் சொன்னது? ஏசி ஓரத்தில் நுழையும், சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும், வயரில் தொங்கும், வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நின்றதோ அந்தப் பக்கம் இறங்கும். கறை இருக்கும் இடம் அது வெளியேறிய வாசல். நுழைந்த வாசலைச் சாய்வின் மேட்டுப் பக்கத்தில் தேடுங்கள்.

ஏசிக்கு அடியில் கறை என்றால் கொஞ்சம் நிம்மதி. ஏசிக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு ஸ்பாஞ்ச் கேஸ்கெட் உண்டு. வருடங்களில் அமுங்கித் தட்டையாகிவிடும். உள்ளிருந்து போல்ட்டைக் கொஞ்சம் முடுக்கினாலோ கேஸ்கெட்டை மாற்றினாலோ பல ஒழுகல்கள் அத்தோடு நிற்கும். பலகை இற்றுப்போகும் முன்பு செய்திருந்தால்.

ஸ்கார்பரோவான், ஒன்டாரியோ
அண்ணை, நாங்கள் கனடாக் குளிருக்குள்ள இருக்கிறம். ரப்பர் கூரை குளிருக்கு வெடிச்சுப் போகாதோ?

வெடிக்காது, தம்பி. மைனஸ் 40 டிகிரியிலும் வளைந்து கொடுக்கிற சாமான் அது. வெடிப்பது, மூட்டுகளில் தடவிய சீலன்ட். மயிரிழை விரிசலுக்குள் தண்ணீர் போகும். உறையும்போது அது சுமார் 9 சதவீதம் பெருக்கும், விரிசல் அகலும். மத்தியானம் உருகி இன்னும் ஆழமாக இறங்கும். இரவு மறுபடி உறையும். ஒரு குளிர்காலத்துக்குள் மயிரிழை வாய்க்காலாகிவிடும்.

பனி மூடிய கூரையைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். வெள்ளைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. உருகி முடியட்டும். வசந்தத்தில் போனால் குளிர்காலம் செய்ததெல்லாம் கூரையில் எழுதியிருக்கும்.

கைவேலைக்காரன், பாஸ்டன்
விரிசல்தானே? கடையில் ஒரு சிலிக்கான் டியூப் வாங்கி அப்பிவிட்டால் போகிறது!

ஐயோ, வேண்டாம்! ரப்பர், டிபிஓ கூரையில் சிலிக்கான், வேண்டாத சம்பந்தம் மாதிரி: தானும் ஒட்டாது, முழுசாக விட்டும் போகாது, அடுத்து வருகிறவரையும் ஒட்ட விடாது.

தட்டையான இடத்துக்குத் தானாகப் பரவிச் சமமாகும் லேப் சீலன்ட். ஆர்வி உலகில் 'டைகோர்' என்றாலே இதைத்தான் நினைப்பார்கள். வென்ட் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப். நீளமான இணைப்புக்கும் கிழிசலுக்கும் 'எட்டர்னாபாண்ட்' டேப். அந்த டேப்பை ஒட்டும் முன் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசியுங்கள்; ஒட்டிய பிறகு உரிக்க முடியாது. வாங்கப் போகும் வண்டியின் கூரையில் பளபளவென்று சிலிக்கான் கண்டால், அத்தனையும் சுரண்டி எடுக்கும் கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள்.

சுத்தக்காரி, டெட்ராய்ட்
ரப்பர் கூரையை எதைப் போட்டுக் கழுவுவது, சார்?

பாத்திரம் கழுவும் சோப்பு, தண்ணீர், மெத்தென்ற பிரஷ். பெட்ரோலியம் கலந்த கிளீனர் பட்டால் இபிடிஎம் ஊதி உப்பிவிடும். ஆரஞ்சு எண்ணெய் கலந்ததும் வேண்டாம். சமையலறையைத் தாண்டிக் கடைக்குப் போகாதீர்கள்.

வெள்ளிப் பிரியன், டென்வர்
ஏர்ஸ்ட்ரீம் மாதிரி அலுமினியக் கூரை என்றால் ஆயுசுக்கும் கவலையில்லை அல்லவா?

தகட்டுக்கு ஆயுசு கெட்டி. வாலி பையம் 1931-இல் தொடங்கிய நிறுவனம். பல பத்தாண்டு பழைய வண்டிகள் இன்றும் சாலையில் மின்னுகின்றன. ஆனால் அது ஒரே தகடு அல்ல; பல தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்தது. ஒவ்வொரு ரிவெட்டும் ஓர் ஓட்டை, ஒவ்வொரு இணைப்பும் ஒரு கோடு. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போது சீலன்ட் விட்டுக்கொடுக்கும்.

முன்னாள் உரிமையாளர் மேலே சாதா இரும்பு ஸ்க்ரூ இறக்கியிருக்கிறாரா என்றும் பாருங்கள். இரண்டு உலோகமும் நடுவில் கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு. ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அலுமினியம் கரைந்துகொண்டிருக்கிறது.

உங்கள் ஊர் டென்வர். ஆலங்கட்டி மழை ஊர். அலுமினியம் குழி விழுந்து எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

மினுமினு, ஃபீனிக்ஸ்
விற்பனைக்கு முன் கூரை முழுக்கப் புது வெள்ளைப் பூச்சு அடித்துக் கொடுக்கிறார். போனஸ்தானே?

என்னைக் கேட்டால், முகமூடி. பூச்சு நல்ல பொருள்தான், காய்ந்த பலகை மேல் பூசினால். ஈரப் பலகை மேல் பூசினால் தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். பூசும் முன் எடுத்த போட்டோ கேளுங்கள். அக்கறையோடு வேலை செய்தவர்கள் போட்டோ எடுக்காமல் இருக்க மாட்டார்கள்; பெருமையாகவே காட்டுவார்கள்.

குமிழி, சான் அன்டோனியோ
கூரை விரிப்பில் அங்கங்கே உப்பல். பயப்படலாமா?

சின்ன உப்பல், அடியில் பலகை கெட்டி, ஈரம் இல்லை என்றால் பசை விட்டிருக்கிறது, அவ்வளவுதான். குத்தி அழகு பார்க்காதீர்கள். ஓட்டை இல்லாத இடத்தில் ஓட்டை போட்டவர் ஆவீர்கள்.

பயப்பட வேண்டிய உப்பல் வேறு இடத்தில் இருக்கிறது. வண்டியின் பக்கச் சுவரை ஓரமாக நின்று, வெயில் சாய்வாக விழும் நேரத்தில், நீளவாக்கில் பாருங்கள். ஃபைபர்கிளாஸ் சுவர் அலை அலையாக உப்பியிருந்தால், கூரையில் நுழைந்த தண்ணீர் சுவருக்குள் இறங்கி ஒட்டிய அடுக்குகளைப் பிரித்துவிட்டது. அதைச் சரிசெய்யும் செலவு பல வண்டிகளின் விலையைச் சாப்பிட்டுவிடும்.

மாடிக்கட்டில், சான் ஹோசே
ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை வைத்த வண்டி பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

தண்ணீருக்கும் ரொம்பப் பிடிக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் மழை மேலிருந்து விழாது, முன்னாலிருந்து முட்டும். நெற்றியில் வரிசையாக 5 ஆரஞ்சு விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஸ்க்ரூ ஓட்டை. மெத்தையைத் தூக்கி, முன் மூலைகள் இரண்டிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிறகு ஈரமானியை வையுங்கள். காய்ந்த மரம் 15 சதவீதத்துக்குள் நிற்கும். 20 தாண்டினால் பூஞ்சைக்குப் பத்திரிகை வைத்தாகிவிட்டது. ஒரே இடத்தில் வைத்து முடிவு கட்டாதீர்கள். காய்ந்த இடம் ஒன்றில் வைத்துப் பார்த்து, அதோடு ஒப்பிடுங்கள்.

கனம் பொருந்தியவர், ரிச்மண்ட்
ரப்பர் கூரை எவ்வளவு கனம்?

வழக்கமாக 45 மில். மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக, சுமார் 1.1 மில்லிமீட்டர். உங்கள் குடும்பத்துக்கும் வானத்துக்கும் நடுவில் தண்ணீரைத் தடுப்பது அவ்வளவுதான். முகாமில் கிளைக்கு அடியில் வண்டியை நுழைக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை, டாலஸ்
விலை மலிவு, கூரையை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

பட்டறைகளில் நீளத்துக்கு அடிக்குச் சுமார் 300 டாலர் என்று வாய்க்கணக்கு சொல்வது வழக்கம். 30 அடி வண்டிக்கு 9,000. மேல் பலகை இற்றிருந்தால் கணக்கு அங்கே நிற்காது. பிரித்த பிறகுதான் எங்கே நிற்கும் என்று தெரியும். அந்த 9,000-ஐ விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவு இன்னும் மலிவாக இருந்தால் வாங்குங்கள்.

உத்தரவாதம், ராலே
கூரைக்கு 12 வருட வாரன்டி இருக்கிறதாம். இன்னும் நாலு வருடம் பாக்கி.

யாருக்குப் பாக்கி? முதல் உரிமையாளரோடு முடிந்துபோகும் வாரன்டிகளே அதிகம். விரிப்புக்கு வாரன்டி என்றால் விரிப்புக்குத்தான். மூட்டு ஒழுகியதற்கு அல்ல. தாளை வாங்கி, பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள்.

வேன்காரன், போர்ட்லாண்ட்
பெரிய வண்டியே வேண்டாம் என்று ஸ்ப்ரின்டர் வேன் பார்க்கிறேன். எஃகுக் கூரை. தப்பித்தேனா?

பாதி தப்பித்தீர்கள். கார்த் தொழிற்சாலையில் பற்றவைத்து, பெயின்ட் அடித்து வந்த எஃகுக் கூரை. பலகையும் இல்லை, விரிப்பும் இல்லை. மீதிப் பாதி, வேனை வீடாக்கியவர் துளையிட்ட இடங்கள். வெட்டிய விளிம்பில் பெயின்ட் தொடாமல் விட்டிருந்தால் துரு ஆரம்பித்திருக்கும். விசிறிக்கு அடியில் விரலை விட்டுத் தடவுங்கள்; விரல் செம்மண் நிறத்தில் வந்தால் பேரம் பேசுங்கள்.

அவசரக்காரன், டர்ஹாம், வடக்கு கரோலைனா
எந்தக் கூரை அடி தாங்கும்?

உங்கள் ஊரில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி? கிரெக்சன் தெரு ரயில் பாலம் 11 அடி 8 அங்குல உயரத்தில் நின்று எத்தனை வண்டிகளின் கூரையைச் சுருட்டியது என்று உலகமே வீடியோவில் பார்த்தது. 2019-இல் 12 அடி 4 அங்குலமாக உயர்த்தினார்கள். பெரிய மோட்டார்ஹோம் ஏசியோடு சேர்த்து அதையும் தாண்டும். ரப்பரும் தாங்காது, ஃபைபரும் தாங்காது, அலுமினியமும் தாங்காது. வண்டியின் உயரத்தை ஏசி உச்சிவரை அளந்து, பெரிய எழுத்தில் எழுதி, ஓட்டுநர் கண்முன்னே ஒட்டுங்கள்.

பட்டும் படாமலும், சியாட்டில்
ஆர்வி இன்ஸ்பெக்டரை வைத்துப் பார்ப்பது வீண் செலவு என்கிறார் என் கணவர்.

அவரைச் சியாட்டில் மழையில் ஒரு பழைய வண்டிக்குள் படுக்கச் சொல்லுங்கள், அம்மா. தேசிய ஆர்வி பரிசோதகர் சங்கம் சான்றளித்தவர்கள் இருக்கிறார்கள். வரும்போது காற்றழுத்தச் சோதனை செய்வாரா என்று கேளுங்கள். ஒரு காற்றூதியைக் கூரை வென்ட்டில் பொருத்தி, வண்டிக்குள் லேசாகக் காற்றழுத்தம் ஏற்றிவிட்டு, வெளியே மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். ஓட்டை எங்கேயோ அங்கே நுரை பொங்கும். கணவரையும் கூட்டிப் போங்கள். குமிழி கிளம்பும் இடத்தில் வாக்குவாதம் அடங்கும்.

இரு மனம், மில்பிடாஸ், கலிஃபோர்னியா
கடைசிச் சுற்றில் இரண்டு வண்டிகள். ஒன்று ஃபைபர்கிளாஸ் கூரை, அழகான வண்டி, குளியலறை சீலிங்கில் உள்ளங்கை அளவு கறை. "பழைய கறை" என்கிறார். இன்னொன்று டிபிஓ, சுமார் அழகு. ஆனால் சீலன்ட் வாங்கிய ரசீதுகளைத் தேதிவாரியாக ஃபைல் போட்டு வைத்திருக்கிறார். நீங்கள் சொன்ன ஃபைபர்கிளாஸா, அவர் வைத்திருக்கும் ஃபைலா?

ஃபைல்! யோசிக்கவே வேண்டாம். ரசீது வைத்திருப்பவர் மழைக்கு முன்னால் மேலே ஏறியவர். கறையை விளக்குபவர் மழைக்குப் பின்னால் கீழே நின்றவர். ஆனாலும் அந்த டிபிஓ வண்டியின் நாலு மூலையிலும் ஈரமானியை வைத்துப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். அதன்பின் ரசீதில் எந்தச் சீலன்ட் என்று பார்த்து, அதிலேயே இரண்டு டியூப் வாங்கி வையுங்கள். அடுத்த ரசீது உங்கள் பெயரில் வரட்டும்.